பங்கு இல்லாதவருக்குக் கடனும் இல்லை

கேள்வி:

என் சொந்த ஊர் கொல்லிமலையில் எடப்புளி நாடு. நாங்கள் மலையாளி (எஸ்.டி.) சமூகம். கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா 2025 ஐப்பசியில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார். வயது 53. அம்மாவும் அண்ணனும் ஊரில் இருக்கிறார்கள்.

அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறோம், கொஞ்சம் காப்பி. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அவருக்கு வீடு வந்து, லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்டது. அந்த வகையில் கொத்தனாருக்கு 18,000, அடிவாரத்துக் கம்பி-சிமெண்ட் கடைக்கு 64,000 பாக்கி. லேம்ப் (பழங்குடியினர் கூட்டுறவு) சொசைட்டியில் 60,000 பயிர்க்கடன். மிளகு வியாபாரி ஒருவரிடம் 2022 ஆகஸ்டில் புரோநோட்டு எழுதிக்கொடுத்து மூன்று வட்டிக்கு 1,00,000 வாங்கியிருக்கிறார். அது இப்போது 2,20,000 ஆகிவிட்டது என்கிறார். எங்கள் பட்டாவும் அவரிடம்தான் இருக்கிறது. குடகு எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி ஒருவர், அப்பாவுக்கு 30,000 முன்பணம் கொடுத்தேன், அதற்கு அண்ணன் இரண்டு சீசன் வந்து கழிக்க வேண்டும் என்கிறார்.

கடைசி ஒரு வருஷம் அப்பா நாமக்கல்லில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றினார். அங்கே எடுத்த அறைக்கு மாதம் 2,500 வாடகை, 10,000 அட்வான்ஸ். ஐந்து மாதம் பாக்கி. அவர் போன பிறகு பூட்டிக் கிடந்த மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் பெட்டி, பாத்திரம், சைக்கிளைத் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர்.

கருமாதி அன்றே ஊர்க்கவுண்டர் முன்னால் பேசினார்கள். வழக்கப்படி நிலமும் வீடும் மகனுக்கு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்றார்கள். ஆனால் நோட்டுக் கடன் என் கல்யாணத்துக்கு வாங்கியதாம். அதனால் கடனில் பாதி என்னுடையதாம். வியாபாரி புது நோட்டு எழுதிக் கொண்டுவந்து எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடாவிட்டால் அப்பாவின் ஆத்மா சாந்தி அடையாது என்று பெரியப்பா அழுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடப்புளி நாடு, கொல்லிமலை

பதில்:

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அண்ணனும் போடக் கூடாது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், இது ஒன்றுதான் அவசரம்.

இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தின் மேல் நிற்கிறது. பிள்ளைகளின் தலைமேல் அது ஏறுவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 ஆகிய பிரிவுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இறந்தவரின் சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பதில் சொல்ல வேண்டும். 1,00,000 ரூபாய் பெறுமானம் வந்து 4,00,000 ரூபாய்க் கடன் இருந்தால், மீதி 3,00,000 கடன் கொடுத்தவருக்கு நஷ்டம். திருப்பூரில் நீங்கள் தைத்துச் சம்பாதிக்கும் கூலி, உங்கள் தாலி, உங்கள் கணவர் வீட்டுச் சொத்து எதையும் அப்பாவின் கடனுக்காக யாரும் தொட முடியாது.

இந்தப் பாதுகாப்பை உடைக்க ஒரே ஒரு காரியம் போதும். அது உங்கள் கையெழுத்து. புது நோட்டில் கையெழுத்திட்ட அந்த நொடியில் அப்பாவின் கடன் உங்கள் சொந்தக் கடனாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சொத்து கைக்கு வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஆளுக்குப் பாதி என்றும் நினைத்துவிடாதீர்கள். முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வியாபாரி கேட்கலாம். கருமாதி அன்றே நோட்டோடு வருவதன் காரணம் இதுதான். துக்க வீட்டில் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், ஊர் முன்னால் மறுத்துப் பேசவும் கூசுவார்கள்.

வியாபாரிக்கு இன்னொரு அவசரமும் இருக்கலாம். புரோநோட்டுக்குக் காலவரம்பு 3 ஆண்டு. 2022 ஆகஸ்டில் எழுதிய நோட்டு 2025 ஆகஸ்டோடு காலாவதி. அப்பா இறந்தது அதற்குப் பிறகு. எனவே நோட்டின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்த 3 ஆண்டுக்குள் அப்பா வட்டியோ அசலோ கட்டி, தன் கைப்பட எழுதியோ கையெழுத்து அல்லது ரேகை வைத்தோ வரவு போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 ஆண்டு ஓடும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அந்த நோட்டை வைத்து அவர் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது. நோட்டை உங்கள் முன்னால் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில்தான். காலாவதியான கடனுக்கும் உயிர் கொடுக்க ஒரு வழி உண்டு. ‘இந்தக் கடனைத் தருகிறேன்’ என்று எழுத்தில் உறுதி கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அது செல்லும். ‘சும்மா ஒரு எழுத்து’, ‘சாட்சிக்கு ஒரு கையெழுத்து’, ‘பின்னால் ஒரு வரவு’ என்று எந்தப் பெயரில் காகிதம் வந்தாலும் விலகியே இருங்கள்.

பட்டா அவரிடம் இருப்பதால் நிலம் அவருக்கு அடமானம் ஆகிவிடவில்லை. அடமானம் என்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும், இல்லையேல் சட்டப்படி அசல் உரிமை ஆவணத்தை ஒப்படைத்திருக்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, நகல் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்த்து, அப்பா ஏதாவது அடமானமோ கிரய ஒப்பந்தமோ பதிவு செய்திருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி ஒன்று இருந்தால் என் பதில் மாறும். பதிவான அடமானம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தீர்த்துத்தான் நிலத்தை மீட்க வேண்டும். வட்டியைப் பொறுத்தவரை, தமிழ்நாடு கந்துவட்டி தடுப்புச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அதன்படி 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 36. இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அடுத்து, ஊர்க்கூட்டத்தில் சொன்ன பேச்சு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். நிலமென்றால் உனக்கு இல்லை, கடனென்றால் பாதி உனக்கு. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்லச் சட்டம் யாருக்கும் இடம் தரவில்லை. கடன் சொத்தின் பின்னால்தான் போகும். சொத்து முழுக்க அண்ணனுக்கு என்றால், அந்தச் சொத்தின் அளவுக்குக் கடனும் முழுக்க அண்ணனுக்குத்தான். உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதும் ஒரு ரூபாய்கூட இல்லை. உங்கள் கல்யாணத்துக்காக வாங்கினார் என்பதால் இது மாறாது. கடன் வாங்கிய ஒப்பந்தம் அப்பாவுக்கும் வியாபாரிக்கும் இடையில் நடந்தது. அதில் நீங்கள் கையெழுத்திடவில்லை, ஜாமீனும் நிற்கவில்லை.

பெரியப்பா அழுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்பது பழைய இந்து சாஸ்திர விதி. மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை அது நீண்டது. பம்பாய் மாகாணத்தில் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்தும் மகன் கட்ட வேண்டும் என்ற நிலையை மாற்ற 1866-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்து நீதிமன்றங்களும் குடும்பச் சொத்தின் அளவோடு அதை நிறுத்தின. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அந்தக் கடமையைக் காரணம் காட்டி வழக்குப் போட முடியாது என்றே சொல்லிவிட்டது. பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: அந்தப் பழைய விதி மிகக் கடுமையாக இருந்த காலத்தில்கூட அதில் மகளின் பெயர் இருந்ததில்லை.

உங்கள் சமூகத்துக்கு ஒரு தனி நிலைமை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதன் 2-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. அதனால் மேலே சொன்ன 2005 திருத்தமும் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. உங்கள் கோயிலும் திருவிழாவும் எதுவாக இருந்தாலும், சொத்து விஷயத்தில் மலையாளி சமூகத்துக்கு வழக்கம்தான் சட்டம். ‘பெண்ணுக்குப் பங்கில்லை’ என்று கொல்லிமலையின் 14 நாடுகளிலும் அடித்துச் சொல்கிறவர்களின் பலம் இதுதான். ஆனால் அந்தப் பலம் குறைந்துகொண்டு வருகிறது. பழங்குடிக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் பெண்களுக்கும் சமபங்கு உண்டு என்றது. பழங்குடிப் பெண்களுக்கு அந்த உரிமையை உறுதி செய்யும் அறிவிக்கைக்கு மாநில அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்றும் கூறியது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகப் பேசியது. பெண்ணை விலக்கும் வழக்கம் இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பெண் என்ற காரணத்துக்காகப் பங்கை மறுப்பது அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு எதிரானது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் இமாச்சல வழக்கு ஒன்றில், வாரிசுரிமைச் சட்டத்தை நேரடியாகப் பழங்குடியினருக்குப் பொருத்த முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆக, உங்கள் பங்கைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் சமவெளிப் பெண்ணுக்கு இருப்பதுபோல் ஒரு பிரிவைக் காட்டி மறுநாளே வாங்கிவிட முடியாது, வழக்காடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பங்கு கேட்பதா, விட்டுக்கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர் முன்னால் முடிவு செய்யாதீர்கள், இந்த மாதமே முடிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தால், அண்ணன் விடுதலைப் பத்திரம் கேட்பார். அதில் ‘தகப்பனாரின் சகல கடன்களுக்கும் சொத்தைப் பெறுகிறவரே பொறுப்பு’ என்ற வரி இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். உங்கள் இருவருக்கும் இடையிலான இந்த எழுத்து கடன்காரரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நாளை யாராவது உங்களை இழுத்தால் அண்ணனிடம் திருப்பிக் கேட்க அது ஆதாரம். அம்மாவை இந்தக் கணக்கில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவருடைய பெயரை எந்தப் பத்திரத்திலும் விட்டுவிடக் கூடாது.

இனி வீடு. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஊரகப் பயனாளிக்கு 1,20,000 ரூபாய். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு மேலும் 1,20,000 தருகிறது. இது மானியம். அப்பா இறந்ததால் அரசு உங்களிடம் திருப்பிக் கேட்கப்போவதில்லை. கட்டுமானம் ஒவ்வொரு மட்டத்தைத் தொடும்போதும் ஒரு தவணை வரும், அதனால் லிண்டலோடு நின்ற வீட்டுக்குக் கூரைப் பணமும் கடைசித் தவணையும் இன்னும் வந்திருக்காது. பயனாளி இறந்தால் சட்டப்படியான வாரிசின் பெயரில் தொடர வழி இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அம்மா பெயருக்கு மாற்றக் கேளுங்கள். அம்மா பெயருக்கு என்பதை அழுத்திக் கேளுங்கள். அந்த வீட்டில் கடைசி வரை குடியிருக்கப்போகிறவர் அவர். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் அதே மனுவைப் பதிவு செய்து ரசீது வாங்குங்கள்.

சமவெளிக்கு நிர்ணயித்த தொகையில் மலையில் வீடு முடியாது என்பதை நான் அறிவேன். காரவள்ளி வழியாக வந்தால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் வர வேண்டும். மணல், ஜல்லி, கம்பி எல்லாவற்றின் மேலும் லாரி வாடகை ஏறுகிறது. மானிய வீட்டுக்காகவே கடனாளி ஆகும் நிலை இப்படித்தான் வருகிறது, உங்கள் அப்பா ஊதாரித்தனத்தால் கடன்படவில்லை. மலை ஊர்களுக்கு ஏற்றுக்கூலியைத் தனியாகச் சேர்க்காதவரை இந்தத் திட்டம் ஏழையின் கையில் பாதி வீட்டையும் முழுக் கடனையும் கொடுக்கும். அரசு இதைத் திருத்த வேண்டும்.

கொத்தனாரின் 18,000-ஐ மற்றக் கடன்களோடு சேர்க்காமல் முதலில் கொடுத்துவிடச் சொல்வேன். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவருக்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் ஈமச்செலவு, கடைசி நோயின் மருத்துவச் செலவு, இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துத் தங்கும் சாப்பாட்டுச் செலவு. நிர்வாக உரிமை பெறும் செலவுக்குப் பிறகு, கடைசி 3 மாதத்தில் அவருக்கு வேலை செய்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலையாள் ஆகியோரின் கூலி. அதற்குப் பிறகுதான் மற்றக் கடன்கள். உங்கள் வீட்டில் யாரும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகி இல்லை, அதனால் இது அப்படியே கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூலி முந்தி, வட்டிக்காரர் பிந்தி என்ற அந்த வரிசை நியாயமானது. வீடு யாருக்குப் போகிறதோ அவர் கொத்தனாரின் கூலியைக் கொடுக்கட்டும். கம்பிக் கடையில் பொருள்வாரியாகப் பில் கேளுங்கள், எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, யார் கையெழுத்து என்று. சரியாக இருந்தால் மிளகு பறித்த பிறகு, சொத்தின் வருமானத்திலிருந்து தவணையாக அண்ணன் கட்டலாம். பணமாகக் கொடுத்து ரசீது வாங்கலாம், ஆனால் புதுப் பத்திரம் எழுதித்தர வேண்டாம்.

வீட்டுக்கு இன்னொரு காப்பு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்கிறது. உடுப்பு, சமையல் பாத்திரம், உழவுக் கருவி, உழவு மாடு இவற்றோடு, விவசாயியோ கூலியாளோ குடியிருக்கும் சொந்த வீடும் அதன் மனையும் அந்தப் பட்டியலில் உள்ளன. ‘குடியிருக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதியில் நிற்கும் சுவருக்கு அந்தக் காப்பைக் கேட்பது கடினம். கூரையைப் போட்டு அம்மாவைக் குடிவைத்துவிட்டால் நிலைமை பலமாகும். மீதித் தவணைகளை விரைவாக வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். அந்த வீட்டையே அடமானம் வைத்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

நாமக்கல் அறை சின்ன விஷயம். ஐந்து மாதப் பாக்கி 12,500, அட்வான்ஸ் 10,000, மீதி 2,500. இதுவும் அப்பாவின் கடன்தான், சொத்திலிருந்து போக வேண்டியது. பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு முழு வாடகையும் தரச் சம்மதிக்க வேண்டாம், ஆனால் சாவியைக் கொடுக்காமல் நாளைக் கடத்தவும் வேண்டாம். தாமதம் உங்கள் பக்கம் இருந்தால் வாதம் பலவீனமாகும். பெட்டியும் பாத்திரமும் சைக்கிளும் வாரிசுகளுடையவை, வாடகைக்கு ஈடாக அவற்றைப் பிடித்துவைக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. அண்ணனோ அம்மாவோ இரண்டு சாட்சிகளோடு போய்ச் சாவியை ஒப்படைத்து, கணக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதி வாங்கட்டும்.

லேம்ப் சொசைட்டிக் கடனை வேறு மாதிரி பார்க்க வேண்டும். அது நியாயமான கடன். தவணை தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு விவசாயி வட்டி கட்ட வேண்டியதில்லை. அந்தத் தேதி எது என்று முதலில் கேளுங்கள். அப்பா எந்த ஆண்டு வாங்கினார் என்பதையும் பாருங்கள். 2021 ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் அது. அப்பாவின் கடன் அதற்கு முந்தையதா, தள்ளுபடிப் பட்டியலில் பெயர் இருந்ததா என்று எழுத்தில் கேட்கலாம். சங்கத்தில் அவருக்குப் பங்குத் தொகையோ சேமிப்போ இருந்தால் அதையும் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். இங்கேயும் கையெழுத்து விஷயத்தில் கவனம் வேண்டும். ‘வாரிசு பெயருக்குப் புதுப்பிக்கிறோம்’ என்று சொன்னால், புதுப்பித்தவருடைய கடனாகிவிடும். நிலத்தை உழப்போகும் அண்ணன் அதைச் செய்யலாம், நீங்கள் செய்யக் கூடாது.

மேஸ்திரியின் பேச்சை மட்டும் என்னால் பொறுமையாகப் படிக்க முடியவில்லை. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் வந்து உழைத்துக் கழிக்க வேண்டும் என்பது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், வாரிசு வழியாக வந்துசேரும் பொறுப்புக்காக வேலை செய்ய வைப்பதையும் தன் விளக்கத்திலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பையே அந்தச் சட்டம் ரத்து செய்கிறது. அண்ணன் குடகுக்கு விரும்பிப் போய் அன்றன்றைய கூலியை முழுதாக வாங்கி வந்தால் அது வேலை. அப்பாவின் 30,000-க்காக அவர் போகக் கூடாது. மேஸ்திரி மிரட்டினால் நாமக்கல் கோட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கடன் வசூல் என்ற பெயரில் குடும்பத்தாரை மிரட்டுவதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இலும் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

கொடுக்க வேண்டியதையே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு வர வேண்டியதையும் தேடுங்கள். அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கில் 2025 மே மாதப் பக்கத்தைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 50 வயதுக்குள் சேர்ந்து புதுப்பித்துவந்தவருக்கு 55 வயது வரை பாதுகாப்பு உண்டு. இயற்கை மரணத்துக்கும் 2,00,000 ரூபாய் நியமனதாரருக்கு வரும். இந்த 436 ரூபாயைக் கவனிக்காமல் 2,00,000 ரூபாயை இழக்க வேண்டாம். முன்பு சொன்ன அதே 60-ஆவது பிரிவு, ஆயுள் காப்பீட்டுப் பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது என்கிறது. முட்டை நிறுவனத்தில் அப்பாவுக்கு பி.எஃப். பிடித்திருந்தால், நியமனதாரருக்கு வரும் அந்தப் பணமும் அப்பாவின் கடன்களிலிருந்து விடுபட்டது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் உதவித்தொகை உண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இந்தப் பணம் எதையும் வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வாரிசுச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். அதில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவரின் பெயரும் இருக்க வேண்டும். ‘கட்டிக்கொடுத்த பெண்’ என்று உங்கள் பெயரை விட்டுவிட்டு வாங்க முயன்றால் உடனே ஆட்சேபனை எழுதிக் கொடுங்கள். பெயர் இருப்பதால் கடன் வந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தலாம். அது உண்மையல்ல. கடன் கைக்கு வந்த சொத்தைப் பார்த்துத்தான் வரும், சான்றில் உள்ள பெயரைப் பார்த்து வராது.

வியாபாரி வழக்குப் போட்டு சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், வீசி எறியவும் கூடாது. குறித்த நாளில் போய், காலவரம்பு முடிந்துவிட்டது என்றும், அப்பாவின் சொத்து எதுவும் உங்கள் கைக்கு வரவில்லை என்றும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். போகாமல் இருந்தால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். சட்டம் உங்களுக்குச் சாதகமாக இருந்தும் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இந்தப் பக்கத்தை அண்ணனிடம் படிக்கக் கொடுங்கள். புது நோட்டில் அதிகம் சிக்கப்போகிறவர் அவர்தான். ஒன்றரை ஏக்கரும் பாதி வீடும் வைத்துக்கொண்டு 36 சதவீத வட்டியில் புதிதாக நுழைந்தால், அப்பாவின் நிலைக்கு அவர் வந்துசேர அதிக நாளாகாது. உங்கள் இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுவதில் வியாபாரிக்குத்தான் லாபம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பட்டியல் பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். நீங்கள் இரண்டிலுமே வருகிறீர்கள். நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திருப்பூரிலிருந்தே பேச 15100 என்ற எண்ணை அழையுங்கள்.